முகத்துக்குக் கீழே யார் எழுதுவது?

(கிள்ளையில் இளைஞர்கள் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிள்ளையைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளில் வாழும் மக்களை உருவப்படங்களாக எடுக்க வேண்டும், அவர்களோடு இத்தனை ஆண்டுகள் நின்றவர்களின் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று இங்குள்ள தோழர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ரோமா மக்களையும் அவர்களுடைய ஆதரவாளர்களையும் கொண்டாடி வைக்கப்படும் உருவப்படக் கண்காட்சிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்த யோசனை வந்ததாகச் சொன்னார்கள். காலனியக் காலத்து ஒளிப்படங்களில் சாதி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் இருளர் பெரியம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. கேமராவைப் பிடிக்கப் போகிறவர்களிடம்தான் என் பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. இருளர் மக்களின் படத்தை நீங்கள் இதுவரை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கொத்தடிமைகளாக இருந்தவர்களைச் செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மீட்டார்கள் என்ற செய்தியில். கையில் பாம்போடு நிற்கும் படத்தில். பட்டா கேட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் படத்தில். திருட்டு வழக்கில் கைது என்று காவல் நிலையம் கொடுக்கும் படத்தில். இந்த நான்கில் எதையாவது அவர்களே கேட்டு எடுத்துக்கொண்டார்களா? வீட்டுக்கு ஒரு பிரதியாவது வந்ததா?

வீட்டில் இருப்பது வேறு படம். ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் சாதிச் சான்று விண்ணப்பத்துக்கும் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். ஏழை வீடுகளில் ஒருவர் இறந்துபோனால், மாலை போட்டு வைக்கப் படம் இருக்காது. வாக்காளர் அட்டையில் இருக்கும் முகத்தை வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அரசு கேட்டதற்காக எடுத்த படமே அந்த மனிதரின் ஒரே நினைவாகி நிற்கிறது. இது இருளருக்கு மட்டும் நேர்வதல்ல. சேரியிலும் இதைப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளாக ஒரு படத்தொகுப்பை ஆங்கில அரசு வெளியிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தான் ஆளும் மக்கள் யார் யார் என்று வகை பிரித்து வைத்துக்கொள்ள அரசு விரும்பியது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு குறிப்பு. இந்தச் சாதி நம்பத்தக்கது, இந்தக் கூட்டம் சூழ்ச்சிக்காரர்கள் என்கிற தொனியில் முழுச் சமூகங்களுக்கும் குணச் சான்று எழுதினார்கள். படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருந்திருக்கும், ஊர் இருந்திருக்கும். புத்தகத்துக்கு அது தேவைப்படவில்லை. ஒரு சாதியின் 'மாதிரி'தான் தேவைப்பட்டது.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இருளரைப் பற்றிய பதிவும் அதில் உண்டு. மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, எண்ணாக்கி, படத்தோடு பதிந்து வைத்தவர் அவர். அந்த அளவெடுப்பு காவல்துறைக்கும் போனது. அந்தத் தொகுதிகளை இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

மூக்கை அளந்து சாதியை இனமாக்கும் இந்த அறிவியலுக்குப் பதில் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில், அறிஞர்கள் திரட்டி வைத்த அதே மூக்களவுக் கணக்கை எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை என்று நிறுவினார். முகத்தில் சாதி இல்லை. முகத்தைப் பார்த்துச் சாதி சொல்லும் பழக்கம்தான் சமூகத்தில் இருக்கிறது. நாம் எடுக்கப் போகும் படங்கள் இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுமா, அல்லது அதை நிறுத்திக் கேள்வி கேட்குமா என்பதுதான் என் கவலை.

இப்போது ரோமா மக்களிடம் வருகிறேன். வட இந்தியப் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு நோக்கிப் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ரோமானி மொழி இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், காதுக்குக் கான் என்றே இன்றும் சொல்கிறார்கள். 'ரோம்' என்ற பெயர் 'டோம்' என்ற பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள். டோம் யார்? காசியின் படித்துறையில் இன்றும் பிணம் எரிக்கும் வேலை சுமத்தப்பட்டிருக்கும் பட்டியல் சாதியினர்.

ஐரோப்பாவில் அந்த மக்களுக்கும் கேமரா முதலில் போலீஸோடுதான் வந்தது. 1912இல் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடோடிகள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் எல்லோரும் படமும் கைரேகையும் உடல் அளவுகளும் கொண்ட ஒரு கையேட்டைச் சுமந்து திரிய வேண்டும், போகிற ஊரிலெல்லாம் காட்ட வேண்டும். 1969இல்தான் அது ஒழிந்தது. இங்கே 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்ததை நினைத்துப் பாருங்கள். இங்கே குறவர் உள்ளிட்ட சமூகங்களிடம் ரேகை வாங்கிய அதே காலத்தில்தான் அங்கே கையேடு வந்தது. நடமாடும் மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சொல்ல இரண்டு அரசுகளும் ஒரே கருவிகளை எடுத்திருக்கின்றன.

ஜெர்மனியில் அது கொலையில் போய் முடிந்தது. 1936 முதல் ராபர்ட் ரிட்டர் என்பவர் தலைமையில் 'இன ஆய்வு' நடந்தது. ரோமா, சிந்தி மக்களின் முகங்களைப் படம் எடுத்தார்கள், தலையை அளந்தார்கள், வம்சாவளி எழுதினார்கள். அந்தக் கோப்புகள் அவர்களை வதை முகாம்களுக்கு அனுப்பும் பட்டியல்களுக்கு உதவின. கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

போர் முடிந்தது, கோப்புகள் அழியவில்லை. போருக்குப் பிறகும் அவை அதிகாரிகளின் கையிலும் ஆய்வாளர்களின் கையிலும் இருந்தன. 1980இல் டாகாவ் முகாம் இருந்த இடத்திலேயே சிந்தி செயல்பாட்டாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோப்புகள் எங்கே என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. 1981இல் டூபிங்கன் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஆவணங்கள் அங்கிருந்து கூட்டாட்சி அரசின் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 1982இல்.

இதை நான் விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தங்கள் சொந்த முகங்களை மீட்க ஒரு மக்கள் கூட்டம் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து உட்கார வேண்டியிருந்தது. என்னைப் போன்ற ஆய்வாளர்கள்தான் அந்தப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ரோமா உருவப்படக் கண்காட்சிகளின் பின்னால் இவ்வளவு கனம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நாம் அந்த யோசனையை வாங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு சர்வதேச ரோமா மாநாடு நடந்தது. அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ், ரோமா மக்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று வரவேற்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் போனவர்களைப் பிள்ளைகள் என்கிற நாட்டில், ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர்களின் நிலை அன்று என்ன? பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கலாம் என்று 1965லேயே லோகுர் குழு பரிந்துரைத்திருந்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. நம் பத்திரிகைகள் 'ஜிப்சிகள்' என்று எழுதுவது அவர்களைத்தான். 2023இல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தும் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களும் அவர்கள்தான். தொலைவில் இருப்பவரைக் கொண்டாடுவது சுலபம். அடுத்த இருக்கையில் உட்கார வருபவரிடம்தான் நம் சமத்துவம் சோதிக்கப்படும்.

அதனால் ஒப்பீட்டிலும் கவனம் வேண்டும். இருளர் நாடோடிகள் அல்லர். காட்டையும் நீரையும் நம்பி வாழ்ந்த பழங்குடியினர். நரிக்குறவர் வேறு, குறவர் வேறு, இருளர் வேறு. இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த வழக்கை அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு நடத்தினார். அதை வைத்து 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் ராஜாக்கண்ணு இருளராகக் காட்டப்பட்டார். படம் இருளர் மீதான காவல் வன்முறையை நாடு முழுவதும் பேசவைத்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. அதே சமயம், எங்கள் மனிதரின் பெயரும் சாவும் இருக்கிறது, எங்கள் அடையாளம் எங்கே என்று குறவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானது.

இப்போது கிள்ளைக்கு வருவோம். இந்த ஊரைப்போல் படம் எடுக்கப்பட்ட ஊர் இந்தப் பக்கம் குறைவு. பிச்சாவரம் பக்கத்தில் இருக்கிறது. 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து சுரபுன்னைக் காட்டு வாய்க்காலில் படகில் போகிற எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் முழுக்குத்துறைக்கு வரும்போது கிள்ளையில் தர்காவைச் சேர்ந்தவர்கள் வரவேற்பு கொடுக்கிறார்கள். அந்தப் படமும் ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது, வர வேண்டியதும்தான். 2004 சுனாமியில் இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டின் படம் உலகம் முழுக்கப் போனது.

அந்தப் படகுப் படங்களில் ஒரு ஓரத்தைப் பாருங்கள். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் யாரோ குனிந்திருப்பார்கள். கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுகிறவர்கள். எம்.ஜி.ஆர். நகரிலிருந்து வருகிற இருளர்கள். படகில் இருப்பவர் மேலிருந்து எடுக்கிறார். படத்தில் தலையும் முதுகும்தான் தெரிகிறது. 1990களில் பட்டுப்போன காட்டை மீட்க வாய்க்கால் வெட்டி அலையாத்திக் கன்று நட்ட வேலையில் இந்த மக்களின் கையும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் மீனவர் கணக்கை வைத்துப் பிரிக்கப்பட்டபோது, இந்தக் கடலோரத்தில் இருளரும் தலித்துகளும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். காட்டின் படம் உலகம் சுற்றியது, காட்டுக்கு உழைத்தவரின் முகம் யாருக்கும் தெரியவில்லை.

எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார் படமெடுத்திருக்கிறார். தேடிப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்களின் சாவுகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்தவர் அவர். அவரிடம் கற்க வேண்டியது கேமரா நுட்பம் மட்டுமல்ல. ஒரே மனிதரிடம் திரும்பத் திரும்பப் போய், அவருடைய வாழ்க்கையைக் கேட்டு, அதன்பின் எடுக்கிற பொறுமையைத்தான் கற்க வேண்டும்.

ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். சாதிச் சான்று கிடைக்காமல் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள், பட்டா இல்லை, இதில் கண்காட்சி எதற்கு? கண்காட்சியால் பட்டா கிடைக்காது. பழங்குடிச் சான்று கையெழுத்தாகும் இடம் சார் ஆட்சியர் அலுவலகம். அதற்கு மனுவும் வழக்கும் போராட்டமும்தான் வழி. திண்டிவனத்தை மையமாக வைத்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து செய்துவரும் வேலை அதுதான். அந்த வேலைக்குப் பதிலாக யாராவது கண்காட்சி வைத்தால் நானே எதிர்ப்பேன்.

ஆனாலும் படத்துக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர் என்று சொல்லப்படுகிறது. வெள்ளையர்கள் கறுப்பர்களை இளித்த முகத்தோடு கேலிச்சித்திரமாக வரைந்த காலத்தில், அவர் நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், நேராகப் பார்த்து உட்கார்ந்தார். ஒளிப்படத்தைப் பற்றியே சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அம்பேத்கரின் கோட்டும் டையும் நம் தெருச் சுவர்களில் செய்கிற வேலையும் இதுதான். 2023 ஜூலையில் நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் மட்டும் இருந்தால் போதும் என்ற சுற்றறிக்கை வந்தபோது வழக்கறிஞர்கள் ஏன் கொதித்தார்கள்? சுவரில் யார் முகம் இருக்கலாம் என்பதும் அதிகாரம் பற்றிய கேள்விதான்.

ஒரு பெரியம்மா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து உட்கார விரும்பினால், 'வறுமை தெரியவில்லையே' என்று நாம் சொல்லக் கூடாது. தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். கிழிந்த சேலைதான் உண்மை என்று நினைப்பது நம் பொதுப்புத்தி. ஒருவர் பாம்பைக் கையில் பிடித்து நிற்க விரும்பினால் அதையும் எடுங்கள். வடநெம்மேலியில் 1978இலிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது அவர்களுடைய அறிவு. நாம் போய்ப் பாம்பைக் கொடுத்து நிற்கச் சொல்வதுதான் தவறு.

சில நடைமுறைகளை முன்வைக்கிறேன். முடிவு உங்களுடையது.

ஒன்று, கேமரா முதலில் இருளர் இளைஞர்கள் கையில் இருக்க வேண்டும். செல்பேசி போதும். தெரியாததைச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு, படத்தின் முதல் பிரதி, சட்டம் போட்டு, அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற கோப்புகள் குடியிருப்பு மக்கள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். நாளைக்கு என் போன்ற ஒருவர் ஆய்வுக்குக் கேட்டாலும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். கொடுத்த படத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும்.

மூன்று, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதை அவரவர் சொல்ல வேண்டும். 'இருளர் முதியவர்', 'பழங்குடிப் பெண்' என்று எழுதினால் நாம் தர்ஸ்டனின் எட்டாவது தொகுதியைப் போடுகிறோம். பெயர் போடலாமா என்பதையும் கேட்க வேண்டும். கொத்தடிமை நிலையிலிருந்து வந்தவர்கள், காவல்துறை மீது புகார் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கு முகம் தெரிவது ஆபத்தாகலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

நான்கு, ஆதரவாளர்கள். இதில்தான் நமக்குள் சண்டை வரும். கூட நின்றவர்களைக் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. சான்றுக்காக அலைந்த ஆசிரியர், இரவில் காவல் நிலையத்துக்கு வந்த வழக்கறிஞர், கூலி வாங்காமல் ஆட்டோ ஓட்டியவர் என்று ஒவ்வொரு ஊரிலும் சிலர் இருப்பார்கள். அவர்களும் சுவரில் வரட்டும். ஆனால் யார் ஆதரவாளர் என்று இருளர்களே பட்டியல் போட வேண்டும். ஆதரவாளர் படத்துக்குக் கீழே வரும் வரிகளையும் இருளர்களே எழுத வேண்டும். படங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். நலத்திட்ட உதவி கொடுக்கும்போது மேடையில் நடுவில் நின்று எடுத்த படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளாக இருளரைப் பற்றி மற்றவர்கள் குறிப்பு எழுதினார்கள். ஒருமுறை மற்றவர்களைப் பற்றி இருளர்கள் எழுதட்டும். அதில் பாராட்டு மட்டும்தான் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது. பக்கத்து ஊரில் தண்ணீர் கேட்டபோது இன்னும் தனிச் சொம்பு வருகிறது என்று எழுதினால், அதையும் மாட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஐந்து, முதல் கண்காட்சி குடியிருப்புக்கு உள்ளேதான். வீட்டுச் சுவரிலோ வேப்பமரத்தடியிலோ மாட்டலாம். சிதம்பரம் அதற்கடுத்து. 1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய ஊர் அது. சென்னைக் காட்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் பிறகு வரட்டும்.

இது மெதுவான வேலை. திருவிழாவுக்கு முன் முடிக்க வேண்டும், நிதி ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டால் பழையபடி முதுகும் தலையும்தான் கிடைக்கும். அதனால் அடுத்த வேலை எளிமையானது. இந்த ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமல் குடியிருப்புக்குப் போவோம். படம் எடுத்துக்கொள்ள விருப்பமா, எப்படி, யாரோடு என்று கேட்போம். வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னால் இந்தத் திட்டத்தைக் கைவிட்டு, அவர்கள் கேட்கிற வேறு வேலையைச் செய்வோம். சாதிச் சான்று மனு எழுதச் சொன்னால் அதை எழுதுவோம். அதற்கும் படம் வேண்டும், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் பிரதி. அதையாவது நன்றாக எடுத்துக் கொடுப்போம்.